லாஸ் ஏஞ்சலிஸ் பிராட்வே தியேட்டர்கள் டிவி வந்ததும் செத்துப்போனவையா?

2024 ஜனவரி 8, வாசகர் ஒருவரின் கேள்வி

போன மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தேன். டவுன்டவுனில் பிராட்வே தெருவில் நடந்தபோது வரிசையாகப் பழைய தியேட்டர்கள், எல்லாமே பூட்டிக் கிடந்தன. 1950களில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, ஃப்ரீவே வந்தது, ஜனங்கள் புறநகருக்குக் குடிபோனார்கள், தியேட்டர்கள் செத்துப்போயின என்று கூட வந்த நண்பர் சொன்னார். அப்படியென்றால் எழுபது வருஷமாகச் செத்துக் கிடக்கும் கட்டடங்களை ஏன் யாரும் இடிக்கவில்லை? அங்கே வசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 ஜனவரி 9, இரவு

உங்கள் நண்பர் சொன்னது இங்கே எல்லோரும் சொல்கிற கதைதான். டிவி, கார், புறநகர் மூன்றும் உண்மை. "செத்துப்போயின" என்பதுதான் தவறு. அந்தத் தெருவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகப் போய்வருகிறேன், அதனால் இந்த ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க மனமில்லை.

மூன்றாம் தெரு தாண்டியதும் மில்லியன் டாலர் தியேட்டர். அங்கிருந்து ஒலிம்பிக் புலிவார்ட் வரை நடந்தால் சுமார் ஒரு மைல். அதற்குள் 12 தியேட்டர்கள்: மில்லியன் டாலர், ராக்ஸி, கேமியோ, ஆர்கேட், லாஸ் ஏஞ்சலிஸ், பேலஸ், ஸ்டேட், குளோப், டவர், ரியால்டோ, ஆர்ஃபியம், யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ். மிகப் பழையவை 1910இல் திறந்தவை, கடைசியாக வந்தது ராக்ஸி, 1930களின் தொடக்கத்தில். எல்லாவற்றிலும் சேர்த்து 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1979இல் அந்தத் தெருவையே தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

அந்த 1979இல் இந்தத் தியேட்டர்களில் பல படம் ஓட்டிக்கொண்டிருந்தன. டவர் மூடியது 1988இல். கேமியோ 1991 வரை ஓடியது. லாஸ் ஏஞ்சலிஸ் 1994 வரை. ஆர்ஃபியம் 2000 வரை. 1950களில் செத்துப்போனது எப்படி 2000 வரை டிக்கெட் கிழித்தது?

2024 ஜனவரி 9, இன்னும் ஒன்று

"எல்லாமே பூட்டு" என்பதும் பாதிதான். நீங்கள் பகலில் போயிருப்பீர்கள். ஆர்ஃபியத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ், பேலஸ் இரண்டையும் விழாக்களுக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். ஆர்ஃபியத்தில் 1928இல் பொருத்திய வுர்லிட்சர் ஆர்கன் (தியேட்டருக்கென்றே செய்த பெரிய குழல் வாத்தியம்) இன்னும் வாசிக்கிற நிலையில் இருக்கிறது. அந்தத் தெருவில் தன் இடத்திலேயே மிஞ்சிய ஆர்கன் அது ஒன்றுதான். அடிக்கட்டைச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலியின் கைப்பிடிக்கு வந்துவிடும். அதை அனுபவித்தவர்கள் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

2024 ஜனவரி 11

ஏன் பிராட்வே என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். நியூயார்க்கைப் பார்த்து வைத்த பெயரா என்பது அவர் சந்தேகம். 1890 வரை அதன் பெயர் ஃபோர்ட் ஸ்ட்ரீட். முதலில் கேளிக்கைகள் எல்லாம் பக்கத்து மெயின் ஸ்ட்ரீட்டில்தான் இருந்தன. தாமஸ் டேலி 1902இல் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று படம் காட்டுவதற்கென்றே ஓர் இடம் திறந்ததும் மெயின் ஸ்ட்ரீட்டில்தான். அப்புறம் பெரிய துணிக்கடைகள் பிராட்வேக்கு வந்தன, டிராம் வண்டிகள் வந்தன, பின்னாலேயே தியேட்டர்களும் வந்தன. கடைக்கு வந்த பெண்கள் மதியக் காட்சி பார்த்துவிட்டு டிராம் ஏறி வீட்டுக்குப் போவார்கள். இந்தத் தெருவின் பிழைப்பே டிராமை நம்பித்தான்.

அதனால் டிவிக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே சிக்கல் ஆரம்பித்துவிட்டது என்பேன். 1920 ஏப்ரலில் டவுன்டவுன் தெருக்களில் பகல் நேரத்தில் கார் நிறுத்தக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. நின்ற கார்கள் டிராமுக்கு வழி விடவில்லை என்பதுதான் காரணம். கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கிளாரா கிம்பால் யங் என்ற சினிமா நடிகை முன்னே போக ஒரு கார் ஊர்வலமே நடந்தது. சில வாரங்களுக்குள் தடையைத் தளர்த்திவிட்டார்கள். டிராம் தெருவில் கார்தான் ஜெயிக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்துபோனது. மில்லியன் டாலர் திறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. 12 தியேட்டர்களில் பாதி எழும்பியாகிவிட்டது, மிகப் பெரிய சில இன்னும் வரவே இல்லை.

இன்னொன்று. மில்லியன் டாலரை 1918 பிப்ரவரி 1 அன்று திறந்த சிட் கிராமன், 1922இல் ஹாலிவுட்டில் ஈஜிப்ஷியன் தியேட்டரைத் திறந்தார், 1927இல் சைனீஸ் தியேட்டரை. நட்சத்திரங்கள் வந்து இறங்குகிற முதல் காட்சி விழாக்கள் அங்கே நகர ஆரம்பித்தன. பிராட்வேயில் யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸும் டவரும் திறந்தது அதே 1927இல்தான். மவுசு இறங்கத் தொடங்கியபோதுதான் மிக ஆடம்பரமான தியேட்டர்களைக் கட்டியிருக்கிறார்கள்.

2024 ஜனவரி 14

மழை, எங்கும் போகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் தியேட்டரைப் பற்றி எழுதுகிறேன், ரொம்ப நாள் ஆசை.

1931 ஜனவரி 30 அன்று திறந்தது. கட்டியவர் எச். எல். கம்பினர், வரைந்தவர் எஸ். சார்லஸ் லீ. பெரு மந்தம் என்கிற பொருளாதாரச் சரிவு தொடங்கிவிட்ட நேரம். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. பணம் தட்டுப்பட்டபோது சாப்ளின் கைகொடுத்தார், ஏனென்றால் அவருடைய புதிய ஊமைப்படம் அங்கேதான் முதல் காட்சி. அன்று இரவு சாப்ளினுடன் ஐன்ஸ்டைனும் வந்திருந்தார். படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி விளக்கைப் போட்டு, தியேட்டரின் அழகைக் கொஞ்சம் ரசியுங்கள் என்று அறிவித்தார்களாம். சாப்ளின் கோபத்தில் துடித்துப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். கூட்டமும் கூச்சல் போட்டிருக்கிறது, அதற்குப் பிறகுதான் படம் தொடர்ந்தது.

சாப்ளின் பக்கம்தான் நியாயம். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் போனவன் என்ற முறையில், நிறுத்தியவர்களின் மனசும் எனக்குப் புரிகிறது.

லீயின் கொள்கை, காட்சி நடைபாதையிலேயே தொடங்க வேண்டும் என்பது. வாசலுக்கு வெளியே பொதுநடைபாதையிலேயே வண்ண டெரஸோ தளம் (கல்துண்டுகளைப் பதித்து மெருகேற்றியது) போட்டிருப்பார், அது இன்னும் இருக்கிறது. குனிந்து பார்த்தால் கோலத்துக்கு இடுவது மாதிரி மெல்லிய பித்தளைக் கோடுகள், அவற்றுக்கு நடுவே பழுப்பும் பச்சையும். ஜனங்கள் அதிகம் மிதித்த வாசல் நேருக்கு அது கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் கல்லின் சொரசொரப்பு மிச்சம் இருக்கிறது. உள்ளே வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபம் மாதிரி ஒரு லாபி, படிக்கட்டுத் தலைப்பில் பளிங்கு நீரூற்று. சுமார் 2,000 இருக்கை. எந்த இருக்கை காலி என்று காட்டும் மின்பலகை. குழந்தை அழுதால் தாய்மார்கள் உட்கார்ந்து படம் பார்க்கக் கண்ணாடி போட்ட அறை. அடித்தளத்தில் ஒரு பெரிய கூடம். மேலே ஓடும் படத்தையே பட்டகக் கண்ணாடிகள் வழியாகக் கீழே இறக்கி அங்கேயும் ஒரு சிறிய திரையில் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் கழிவறையில் ஒவ்வொரு தடுப்புக்கும் வேறு வேறு நிறப் பளிங்கு.

லாஸ் ஏஞ்சலிஸ் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1987 முதல் "லாஸ்ட் ரிமெய்னிங் சீட்ஸ்" என்ற பெயரில் இந்தப் பழைய தியேட்டர்களில் பழைய படங்களைப் போடுகிறது. அப்படித்தான் நானும் மனைவியும் முதல்முறை உள்ளே போனோம். இடைவேளை இல்லை, ஆனால் பாதிப் பேர் படத்தின் நடுவில் எழுந்து கழிவறைப் பளிங்கைப் பார்க்கப் போய்வந்தார்கள். என் மனைவி இரண்டு தடவை போனாள்.

கம்பினருக்கு இந்த அழகு சோறு போடவில்லை. சில மாதங்களிலேயே கடனில் மூழ்கித் தியேட்டரை இழந்தார்.

2024 ஜனவரி 15

நேற்று "ஊமைப்படம்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். வசனம் இல்லையே தவிர, இசையும் ஒலியும் ஃபிலிமிலேயே பதிந்திருந்தன. பேசும்படம் வந்து மூன்று வருஷம் கழித்து, பிடிவாதமாகப் பேசாமல் எடுத்த படம்.

தேதியைச் சரிபார்க்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது, தூக்கம் போய்விட்டது. தியேட்டர் திறந்தது ஜனவரி 30. அதே 1931இல் பிப்ரவரி 26 அன்று, பிராட்வேக்கு வடக்கே நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் லா பிளசிட்டா பூங்காவைக் குடியேற்ற அதிகாரிகளும் போலீசும் வளைத்தார்கள். ஞாயிறு வெயிலில் உட்கார்ந்திருப்பது போல அங்கே கூடியிருந்த சுமார் 400 பேரை நிறுத்திவைத்துக் காகிதம் கேட்டார்கள். பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். வேலை இல்லாக் காலத்தில் அவர்களை விரட்டுவது என்று முடிவு. அந்தப் பத்து வருஷத்தில் ஏராளமான குடும்பங்கள் எல்லை தாண்டி அனுப்பப்பட்டன, அவர்களில் பலர் இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்.

வெர்சாய் மண்டபம் திறந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இருபது வருஷம் கழித்து அந்தத் தெருவைத் தாங்கப்போகிறவர்கள் இவர்களும் இவர்கள் பிள்ளைகளும்தான். அதை வார இறுதியில் சொல்கிறேன்.

(திருத்தம்: "ஞாயிறு வெயிலில் உட்கார்ந்திருப்பது போல" என்று உவமையாகத்தான் எழுதினேன். பிப்ரவரி 26 வியாழக்கிழமை. குழப்பம் வேண்டாம்.)

2024 ஜனவரி 20

எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருக்கிறார், இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஆற்றுக்குக் கிழக்கே பாயில் ஹைட்ஸில் பிறந்து வளர்ந்தவர், அப்பாவும் அம்மாவும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். இந்தக் கேள்வியைப் பற்றி மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். "மூடிவிட்டார்களா? எப்போது?" என்று சிரித்தார்.

1960களில் அவர் சின்னப் பெண். அம்மா டவுன்டவுனில் ஒரு தையல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மில்லியன் டாலருக்குப் போவார்கள். கூட்டம் மூன்றாம் தெரு முனை திரும்பி நிற்கும். ஒரே டிக்கெட்டில் மெக்சிகோ படமும் உண்டு, மேடை நிகழ்ச்சியும் உண்டு. அதற்கு வரியேதாத் என்று பெயர். படம் முடிந்ததும் திரை ஏறும், வாத்தியக்காரர்கள் வருவார்கள், சற்று முன் திரையில் பார்த்த பாடகரே மேடைக்கு வந்துவிடுவார். அலுமினியத் தாளில் சுற்றிய சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று, நான்கு மணி நேரம்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இது. "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மின்சார ஆபீஸ் எங்கே போனாலும் நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும், ஏழு வயதில். அந்த தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர்கூட ஸ்பானிஷ் பேசுவார். அங்கே மட்டும் நான் சும்மா இருக்கலாம்."

மில்லியன் டாலரை ஸ்பானிஷ் நிகழ்ச்சிகளுக்குத் திருப்பியவர் பிராங்க் ஃபூசே. 1950ஐ ஒட்டி ஆரம்பித்தது, முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. லோலா பெல்ட்ரான், ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமேனெஸ், விசென்தே ஃபெர்னாண்டெஸ், ஹுவான் கப்ரியேல் எல்லோரும் பாடிய மேடை அது. ஃபெர்னாண்டெஸின் புகழ் தெரியாதவர்களுக்கு: மெக்சிகோக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பாட்டு ஒலிக்காமல் இருக்காது. கிராமன் நடத்தியது நான்கைந்து வருஷம். தெருவில் உள்ள பலகைகள் கிராமனைத்தான் அதிகம் பேசுகின்றன.

மற்ற தியேட்டர்களும் அதே வழிக்கு வந்தன. சில ஸ்பானிஷ் படம் போட்டன, சில ஆங்கிலப் படத்துக்கு ஸ்பானிஷ் வசனவரி போட்டன. கேமியோ மாதிரியானவை குறைந்த டிக்கெட்டில் இரண்டு மூன்று படம் ஓட்டின. 1950க்கு அப்புறம் இருந்த இந்த நாற்பது வருஷத்தைத்தான் உங்கள் நண்பரின் கதை தாண்டிக் குதித்துவிடுகிறது.

2024 ஜனவரி 21

"அதைத்தானே வீழ்ச்சி என்பது, முதல் ரிலீஸ் தியேட்டர் இரண்டாம்தர தியேட்டர் ஆனது" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். தரைவிரிப்பு கிழிந்தது, நாற்காலி உடைந்தது, பராமரிப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முனை திரும்பிக் கூட்டம் நின்ற ஓர் இடத்தை எப்படி வீழ்ச்சி என்று சொல்வது? வேறு ஜனங்கள் வந்தார்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் வேறு என்பதாலேயே அதை வீழ்ச்சி என்று கணக்கு எழுதியவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். இதில் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறுகிறது, மன்னிக்கவும்.

2024 ஜனவரி 27

பிராட்வேயிலிருந்து ஒரு தெரு தள்ளி, ஏழாம் தெருவும் ஹில் ஸ்ட்ரீட்டும் சேரும் முனை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மனைவியின் தாலிச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுவிட்டது. நகைக்கடை வட்டாரத்துக்குப் போகச் சொன்னார்கள். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், வெள்ளை டியூப்லைட், பேரம், பற்றவைக்கும் சின்ன ஜுவாலையின் சத்தம். பட்டறைக்காரர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு சங்கிலியைப் பார்த்தபோது, நான் சும்மா மேலே பார்த்தேன்.

டியூப்லைட்டுக்கு மேலே, இருட்டில், தங்க வண்ணப் பூவேலை செய்த ஒரு பிரம்மாண்டமான கூரை. நேர் எதிரே மேடை வளைவு. நாங்கள் நின்றிருந்தது ஒரு தியேட்டரின் இருக்கைப் பகுதியில்.

அலெக்சாண்டர் பான்டேஜஸ் 1920இல் திறந்த தியேட்டர் அது. வோடவில் என்ற கலவை மேடை நிகழ்ச்சிகளுக்காகக் கட்டியது, பின்னால் வார்னர் பிரதர்ஸ் தியேட்டர் ஆனது. பிராட்வேயில் ஆர்கேட் என்று முன்பு சொன்னேனே, அதுதான் 1910இல் திறந்த அவருடைய பழைய பான்டேஜஸ். பட்டறைக்காரரிடம் கேட்டேன். "இங்கே யாரும் மேலே பார்ப்பதில்லை சார், கீழேதான் சாமான்" என்றார். சங்கிலி பத்து நிமிஷத்தில் சரியானது. நான் அரைமணி நேரம் நின்றேன். இந்தத் தியேட்டர் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

2024 பிப்ரவரி 1

நேற்றோடு ஏஸ் ஹோட்டல் மூடிவிட்டது. யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ் கட்டடத்தில் 2014இல் வந்தது, பத்து வருஷம் ஓடியது. தியேட்டர் மூடவில்லை, தி யுனைட்டட் தியேட்டர் என்ற பெயரில் நடக்கிறது, அதனால் யாரும் பதற வேண்டாம்.

மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், சாப்ளின் எல்லோரும் சேர்ந்து நடத்திய நிறுவனத்துக்காக 1927 டிசம்பர் 26 அன்று திறந்த தியேட்டர். ஸ்பெயின் நாட்டுக் கோயில்களின் கோத்திக் பாணி. கூரையில் சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில், விளக்கு மாறும்போது நட்சத்திரம் நகர்வது போல இருக்கும். 1990ஐ ஒட்டி ஜீன் ஸ்காட் என்ற டிவி பிரசங்கி அதை வாங்கித் தேவாலயமாக்கினார். "இயேசு இரட்சிக்கிறார்" என்ற நியான் எழுத்துகள் இன்னும் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கின்றன. மில்லியன் டாலரும் ஸ்டேட்டும்கூடக் கொஞ்சகாலம் தேவாலயங்களாக இருந்தவை, அங்கேயும் ஸ்பானிஷ் பிரார்த்தனைதான்.

தேவாலயம் வந்தது அந்தக் கட்டடங்களுக்குப் பாக்கியம் என்பேன். வரிசையாக உட்காருகிற கூட்டமும் ஒரு மேடையும் ஒரு கூரையும் அப்படியே தேவைப்படுகிற ஒரே தொழில் வேறு எது? நாற்காலியைப் பிடுங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

2024 பிப்ரவரி 4

கொஞ்சம் திசை மாறுகிறேன். தமிழ் சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்து 1936இல் வந்த படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். எம்.எஸ். சுப்புலட்சுமியை மீராவாகத் தமிழில் காட்டியவரும் அவரே. ஒஹாயோக்காரர். சினிமா படித்தது இங்கே, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில். பிராட்வேயிலிருந்து தெற்கே சில மைல் தூரம்தான். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா போனவர், 1950 வரை தமிழ்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 12 தியேட்டர்களும் எழும்பி முடிந்துவிட்டன. அந்தச் சாலையில் காரில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

2024 பிப்ரவரி 18

டவர் தியேட்டருக்குப் போனேன். எட்டாம் தெரு முனை. 1927இல் லீ வரைந்த முதல் தியேட்டர். 50 அடி அகல நிலத்தில் 900 பேருக்கு இடம் கண்டுபிடித்தார். 1988இல் மூடி, 2021 ஜூனில் ஆப்பிள் கடையாகத் திறந்தது.

அப்போது எனக்கு மகா கோபம். ஃபோன் விற்க ஒரு தியேட்டரா என்று நண்பர்களிடம் பொருமினேன், மூன்று வருஷமாக உள்ளே காலே வைக்கவில்லை. இன்று போனேன். வாசல் கூடம் பாரிஸ் ஓபரா மாதிரி. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதில் சுருள் சுருளாக ஒரு ஃபிலிம் சுருள். பல வருஷ அழுக்கை எடுத்து ஒவ்வொரு துண்டையும் சரிபண்ணியிருக்கிறார்கள். கூரை விதானம் வானம் மாதிரி. கடிகாரக் கோபுரத்துக்கும் உயிர் வந்திருக்கிறது.

இவ்வளவு பணம் போட்டு யார் பழுது பார்ப்பார்கள், வேறு வழியில் நடந்திருக்காது. நான் பொருமியது தவறு. இருந்தாலும் சரிவாக இருந்த தரையைச் சமமாக்கிவிட்டார்கள், திரை இருந்த பக்கம் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது மட்டும் உறுத்துகிறது. பக்கத்தில் ரியால்டோ 2013இலிருந்து துணிக்கடை. அதன் நீண்ட நியான் பலகையை விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே சட்டை வாங்கலாம்.

2024 மார்ச் 3

முதல் கேள்விக்கு இன்னும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்று கேட்டவரே நினைவுபடுத்தினார். ஏன் இடிக்கவில்லை?

ஜனவரி 20 குறிப்பில் ஸ்பானிஷ் ரசிகர்களின் டிக்கெட் காசுதான் எல்லாவற்றையும் தாங்கியது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் டிக்கெட்டைவிடச் செருப்புக்கடை பெரிய காரணம். 1970, 80களில் பிராட்வே இந்த ஊரின் மிகப் பரபரப்பான கடைத்தெருக்களில் ஒன்று. கேசட், மணப்பெண் உடை, தங்கச் சங்கிலி, காலணி. வாங்கியவர்கள் லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ மாதிரியான நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். கட்டடத்தின் மேல் மாடிகள் காலியாகத் தூசி படிந்து கிடக்க, தரைத்தளக் கடைகளின் வாடகையே உரிமையாளருக்குப் போதுமாக இருந்தது. தியேட்டரின் லாபியைக்கூடக் கடைகளுக்கு விட்டார்கள். ராக்ஸி, கேமியோ, ஆர்கேட் மூன்றின் முகப்பிலும் கடைகள் வந்தது அப்படித்தான். லாபி சிதைந்தது, கட்டடம் தப்பித்தது.

அடுத்த காரணம், இடித்துக் கட்டுகிற பணம் வேறு பக்கம் போனது. 1950களின் பிற்பகுதி வரை இங்கே கட்டடங்களுக்கு 150 அடி உயர வரம்பு இருந்தது. அதை நீக்கியதும் வானளாவிகள் எல்லாம் மேற்கே, பங்கர் ஹில் பக்கம் எழும்பின. அங்கே குன்றின் மேலிருந்த பழைய வீடுகளைத் துடைத்தெடுத்தார்கள். பிராட்வேயைச் சீண்ட ஆள் இல்லை. சீண்டிய இடத்தில் என்ன ஆனது என்பதற்கு ஹில் ஸ்ட்ரீட்டும் ஆறாம் தெருவும் சேருமிடத்தில் இருந்த மெட்ரோபாலிட்டன் சாட்சி. கிராமன் 1923இல் திறந்தது, 3,500க்கு மேல் இருக்கை, இந்த ஊர் கண்ட மிகப் பெரிய தியேட்டர். 1960களில் இடித்துவிட்டார்கள், ரொம்ப வருஷம் அங்கே கார் நிறுத்தினார்கள்.

1999இல் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாக்க நகராட்சி விதிகளைத் தளர்த்தியது. அதற்கு அப்புறம்தான் மேல் மாடிகளுக்கு ஆள் வந்தது. இப்போது வாடகை ஏறுகிறது, மணப்பெண் உடைக் கடைகள் ஒவ்வொன்றாகக் காலி செய்கின்றன. தெருவைத் தாங்கியவர்களுக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

2024 மார்ச் 10

கணக்குப் பிரிவு அம்மாவை நேற்று அழைத்துப்போனேன். போன வருஷம் ஜூனில் திறந்த ஹிஸ்டாரிக் பிராட்வே ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். எதிரே பிராட்பரி கட்டடத்தில் சுற்றுலாக் கூட்டம், பக்கத்தில் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் உட்கார இடமில்லை. நடுவில் மில்லியன் டாலர் மட்டும் கம்பிக் கதவு போட்டு மூடியிருந்தது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அப்புறம் அண்ணாந்து முகப்பில் இருந்த காளையின் மண்டையோட்டுச் சிற்பங்களைக் காட்டினார். சின்ன வயதில் வரிசையில் நிற்கும்போது அவற்றை எண்ணிக்கொண்டிருப்பாராம். எண்ணி முடிப்பதற்குள் எப்போதும் வரிசை நகர்ந்துவிடும், அதனால் மொத்தம் எத்தனை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நேற்று நகர வரிசை இல்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று விரலை நீட்டி, இடமிருந்து வலமாக, ஸ்பானிஷில் எண்ண ஆரம்பித்தார். பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது போகும் வரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.